கலப்பின் அளவுகோல்: ஃபிளமெங்கோ கிதார் நிகழ்த்துகையில் மரபும் பிற இசைகளும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பெயின் நாட்டின் அந்தலூசியாப் பகுதியில் உருப்பெற்ற ஃபிளமெங்கோ கிதார் இசை, 1970களிலிருந்து ஜாஸ், ராக், இலத்தீன் அமெரிக்க இசை ஆகியவற்றோடு மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் கொண்ட உறவுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இவ்வுறவுகளை 'மரபு மீறல்' என்று பழிப்பதும் 'எல்லை கடத்தல்' என்று புகழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பது இதன் வாதம். காம்பாஸ் எனப்படும் தாளச் சுழற்சியும், பாடகரைக் கேட்டுப் பின்தொடரும் பழக்கமும் ஒரு கலப்பில் என்னவாகின்றன என்பதே மதிப்பீட்டுக்குரிய கேள்வியாக இங்கு முன்வைக்கப்படுகிறது. பாக்கோ தெ லூசியாவின் பதிவுகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஃபிளமெங்கோ, கிதார், காம்பாஸ், கலப்பிசை, பாக்கோ தெ லூசியா, நிகழ்த்துகை

முன்னுரை

இரு வேறு இசை மரபுகள் ஒரு மேடையில் சந்திப்பதைக் குறிக்கத் தமிழில் 'கலப்பிசை', 'இணைவிசை', 'சங்கம இசை' எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் ஒவ்வொன்றும் ஒரு முன்முடிவைச் சுமந்து நிற்கிறது. 'கலப்பு' என்றால் கலக்கும் முன்னர் இரண்டும் தூயனவாய் இருந்தன என்று பொருள்படுகிறது. 'இணைவு' என்றால் அவை ஒன்றையொன்று மாற்றாமல் பக்கத்தில் நிற்கின்றன. 'சங்கமம்' என்பதோ எல்லாம் இனிதே முடிந்துவிட்டதாக முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. நிகழ்ச்சி அழைப்பிதழ்களுக்கு இச்சொற்கள் போதும், திறனாய்வுக்குப் போதா. ஒரு குறிப்பிட்ட நிகழ்த்துகையில் யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதை இச்சொற்களில் எதுவும் கேட்பதில்லை.

அக்கேள்வியை எழுப்புவதற்கு ஃபிளமெங்கோ கிதார் தக்க களமாகும். இதன் மரபு ஏட்டில் நிலைபெற்றதன்று. பாடுநர், ஆடுநர், கிதார் இசைப்போர், கைதட்டித் தாளம் காப்போர் ஆகியோரின் கூட்டுப் பழக்கத்தில் நிலைபெற்றது. ஆதலின் கலப்பு நிகழும்போது எது தளர்ந்தது, எது தளரவில்லை என்பதைச் செவியாலேயே அறிய இயலும்.

காம்பாஸ்: மரபு இருக்கும் இடம்

ஃபிளமெங்கோவின் அடையாளம் எது என்று கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் கிதாரின் ஓசையையும் விரல் வேகத்தையும் சுட்டுகின்றன. விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துத் தந்திகளை வருடும் ராஸ்கியாதோ, சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி ஓடும் பிக்காதோ, கட்டைவிரலையே மேலும் கீழும் வீசும் அல்சாபூவா, விரலால் கிதாரின் மேற்பலகையைத் தட்டும் கோல்பே ஆகியன கண்ணையும் செவியையும் உடனே கவர்வன. ஆயினும் இவை கருவிகள் மட்டுமே. இவை அனைத்தையும் கற்ற ஒருவர் ஃபிளமெங்கோ வாசிக்காமலிருக்கவும் கூடும்.

அடிப்படை காம்பாஸ் ஆகும். சொலேயா என்னும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட சுழற்சி அது. 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழுகிறது. விரைந்த நடையிலான புலேரியாவில் எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். அப்போது அது 3+3+2+2+2 எனப் பிரிகிறது. செகிரியாவிலோ அதே சுழற்சி வேறோர் இடத்தில் தொடங்கி 2+2+3+3+2 ஆகிறது. கருநாடக இசைப் பயிற்சியுடையோர்க்கு இப்பகுப்புகள் புதியன அல்ல. புதியது வேறொன்று. நம் தாளச் சுழற்சியின் எடை முதல் தட்டில் திரள்கிறது. அங்குத் திரும்பி வருவதிலேயே நமக்கு நிறைவு. சொலேயாவின் எடை தொடக்கத்தில் இல்லை. மூன்றாம் எண்ணில் சுரக்கூட்டு பதற்றம் கொள்கிறது, பத்தாம் எண்ணில் தணிகிறது. எஞ்சிய இரண்டு எண்களும் மூச்சு வாங்கும் இடம். இதனைப் பன்னிரண்டு அட்சரத் தாளம் என்று பெயர்த்துவிட்டால் எண் சரியாக இருக்கும், இசை இருக்காது.

சுரக்கூட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. லா மைனர், சோல், ஃபா, மி என்று இறங்கி வரும் அந்தலூசிய இறக்கத்தில் 'மி' என்பதே வீடு. மேலையிசைக் கல்வி பெற்ற ஒருவர் செவிக்கு அந்த 'மி' வீட்டுக்கு முந்தைய வாசற்படியாகக் கேட்கும். அங்கிருந்து லா மைனருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கை துடிக்கும். ஜாஸ் கலைஞர் ஒருவரும் ஃபிளமெங்கோ கலைஞர் ஒருவரும் சேர்ந்து வாசிக்கையில் நேரும் பிணக்குகள் பலவற்றுக்கு இந்தச் சிறு திசைமாற்றமே காரணம். ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். மற்றவர் இன்னும் கிளம்பவில்லை.

இரண்டாவது அடிப்படை, கேட்டல். கிதார் இம்மரபில் நெடுங்காலம் துணைக்கருவியே. பாடகர் ஒரு வரியை எங்கு நீட்டுவார், எங்கு முறிப்பார் என்பது முன்கூட்டி வரையறுக்கப்படுவதில்லை. அவர் மூச்சைப் பார்த்து வாசிப்பவரே கிதார்க்கலைஞர். பாடல் அடிகளுக்கு இடையே அவருக்குக் கிடைக்கும் தனித்த சிறு பகுதிக்கு ஃபால்செத்தா என்று பெயர். இன்று உலக அரங்குகளில் கேட்கும் தனிக் கிதார்க் கச்சேரிகள் பலவும் இந்த இடைவெளிச் சிறுபகுதிகள் வளர்ந்து உருவானவையே.

'தூய்மை' எனும் கருத்தின் வயது

கலப்பை எதிர்ப்போர் காக்க விரும்பும் தூய ஃபிளமெங்கோ எக்காலத்தது? 1922 சூன் மாதம் கிரானடாவின் அல்ஹம்பிராவில் இசையமைப்பாளர் மானுவேல் தெ ஃபாயா, இளங்கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்கா முதலியோர் 'ஆழ்ந்த பாட்டு'க்கெனப் போட்டி ஒன்றை நடத்தினர். தொழில்முறைக் கலைஞர்களால் மரபு சீரழிகிறது என்ற அச்சமே அதன் உந்துதல். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட தொழில்முறைப் பாடகர்கள் அதில் போட்டியிட இயலவில்லை. பின்னர் 1963இல் பாடகர் அந்தோனியோ மைரேனாவும் கவிஞர் ரிக்கார்தோ மொலினாவும் எழுதிய நூல், எவ்வடிவம் ஹித்தானோ மக்களுடையது, எது அன்று என்று வகுத்துக் காட்டியது. தூய்மை பற்றிய கோட்பாடு தெளிவான வடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேதான்.

ஆயின் அக்கோட்பாட்டை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஸ்பானிய அரசு 1749இல் ஹித்தானோ மக்களைக் குடும்பங் குடும்பமாகச் சிறைப்பிடிக்க ஆணையிட்ட வரலாறு உண்டு. அத்தகைய மக்கள், தம் பாட்டின் மீதேனும் உரிமை கோரும் குரல் மைரேனாவிடம் கேட்கிறது. எது கலக்கலாம் என்ற விவாதத்தின் அடியில், யாருடைய பொருளைக் கொண்டு யார் புகழ் பெறுகிறார் என்ற கேள்வி கிடக்கிறது. உலகெங்கும் ஃபிளமெங்கோவின் முகமாக அறியப்பட்ட பாக்கோ தெ லூசியா ஹித்தானோ அல்லர் என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

எனினும் கிதாரைப் பொறுத்தவரை தூய்மை வாதம் நிற்பதற்கு இடமே இல்லை. தனிக்கிதாருக்கு வழிவகுத்த ரமோன் மொந்தோயா (1879–1949) செவ்வியல் கிதாரின் உத்திகளை எடுத்தாண்டவர். ஆறாம் தந்தியை ஒரு சுரம் தாழ்த்தி, மூன்றாம் தந்தியை அரைச்சுரம் தாழ்த்தி அவர் வாசித்த ரோந்தேன்யா இன்று மரபின் மணிமுடியாகப் போற்றப்படுகிறது. அவர் காலத்தில் அது புதுமை. குவாஹிரா, கொலம்பியானா, ரும்பா முதலியன 'போய்த் திரும்பிய பாட்டுகள்' என்றே வகைப்படுத்தப்படுகின்றன. கடல் கடந்து அமெரிக்கக் கண்டம் சென்ற இசை அங்குள்ளதோடு சேர்ந்து மீண்டதாகக் கருதிச் சூட்டிய பெயர் அது. இவற்றுள் கொலம்பியானாவைப் பாடகர் பெப்பே மார்ச்சேனா 1930களின் தொடக்கத்தில் தாமே ஆக்கினார். கலப்பு வெளியிலிருந்து வந்து தாக்கியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெட்டி ஒன்றின் பயணம்

ஒரு கலப்பு வென்றதற்கு எளிய அடையாளம், அது கலப்பு என்பதே மறந்துபோவது. கஹோன் அவ்வகை. பெரு நாட்டில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வழி வந்த மரப்பெட்டி அது. அதன்மேல் அமர்ந்து கையால் அறைந்து வாசிப்பர். 1970களின் பிற்பகுதியில் லிமா நகரில் அதனைக் கேட்ட பாக்கோ தெ லூசியா ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். அவருடைய அறுவர் குழுவில் பிரேசில் நாட்டவரான ரூபெம் தாந்தாஸ் அதனை வாசித்தார். ஒரு தலைமுறைக்குள் அது ஃபிளமெங்கோ மேடையின் இயல்பான உறுப்பாயிற்று. இன்று கஹோன் இல்லாத குழுவைக் காண்பதே அரிது.

இது ஏன் ஒட்டிக்கொண்டது? கைதட்டலும் காலடி ஓசையும் செய்துவந்த வேலையையே அது செய்தது என்பதுதான் காரணம் எனத் தோன்றுகிறது. அதன் தடித்த ஒலி காலின் குதியையும் மெல்லிய ஒலி உள்ளங்கையையும் ஒத்தது. காம்பாஸுக்குள் ஏற்கெனவே அதற்கென ஓர் இருக்கை இருந்தது. அதே குழுவில் ஹோர்ஹே பார்தோவின் புல்லாங்குழலும் சாக்சபோனும், கார்லெஸ் பெனவெந்தின் மின்பாஸும் இருந்தன. அவற்றுக்கு அத்தகைய இருக்கை இல்லை; அவை தமக்கான இடத்தை உண்டாக்கவேண்டியிருந்தது. பார்தோ தம் குழலைப் பாடகரின் குரலுக்கு நிகராக, அடி நீட்டியும் முறித்தும் ஊதும் இடங்களில் அது பொருந்துகிறது. 1981இல் வெளிவந்த 'சோலோ கியெரோ காமினார்' தொகுப்பை இவ்வகையில் நுணுகிக் கேட்கலாம்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு 1970இல் வெளியான 'ராக் என்கவுன்டர்'. நியூயார்க்கில் வாழ்ந்த பேராசான் சபிகாஸும் மின்கிதார்க் கலைஞர் ஜோ பெக்கும் அதில் இணைந்தனர். சபிகாஸின் விரல்களில் குறையேதும் இல்லை. ஆனால் கீழே ஓடும் டிரம்ஸ் அவருடைய காம்பாஸுக்குள் வரவே இல்லை. இரண்டு வாகனங்கள் ஒரே சாலையில் பக்கம் பக்கமாகப் போகின்றன. சபிகாஸின் பெருமைக்கு இது ஏற்றதன்று என்றே கூறவேண்டும்.

பாட்டின் கீழ் நிற்கும் கிதார்

1979இல் பாடகர் கமரோன் தெ லா இஸ்லா 'லா லெயெந்தா தெல் தியெம்போ' தொகுப்பை வெளியிட்டார். ரிக்கார்தோ பச்சோன் அதன் தயாரிப்பாளர். பத்தாண்டுகளாக உடன் வாசித்த பாக்கோ தெ லூசியா இதில் இல்லை. இருபது வயதை அண்மையில் கடந்திருந்த தொமாத்தித்தோவும் ராய்முந்தோ அமதோரும் கிதார் வாசித்தனர். மின்பாஸ், டிரம்ஸ், மின்னிசைப் பலகை ஆகியவற்றோடு ஒரு தாலாட்டுப் பாடலில் குவால்பெர்தோவின் சித்தாரும் ஒலித்தது. தொகுப்பு முதலில் விற்கவில்லை. 'இது கமரோன் அன்று' எனச் சொல்லி ஹித்தானோ நேயர்கள் இசைத்தட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தனர் என்ற கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அது முழுதும் உண்மையோ, பாதி உண்மையோ, அக்கதை நிலைத்து வாழ்வதே அன்றைய அதிர்ச்சிக்குச் சான்று.

இன்று கேட்கையில் வியப்பளிப்பது, எத்துணை மாறியது என்பதன்று. எத்துணை மாறவில்லை என்பது. பாடல்கள் பல புலேரியா, தாங்கோஸ் முதலிய வடிவங்களிலேயே நிற்கின்றன. கமரோன் அடியை முறிக்கும் இடத்தில் தொமாத்தித்தோவின் கிதார் காத்து நிற்கிறது. மேலே எத்தனை கருவிகள் ஏறினும் பாடகருக்கும் கிதாருக்கும் இடையிலான பழைய ஒப்பந்தம் முறியவில்லை. சித்தார் ஒலிக்கும் தாலாட்டு மட்டும் அழகிய அயன்மையாகத் தனித்து நிற்கிறது. அங்கே சித்தார் நிறம் தருகிறது, உரையாடவில்லை. (இக்கருத்தில் நண்பர்கள் சிலர் என்னோடு உடன்படுவதில்லை, அத்தாலாட்டே தொகுப்பின் சிகரம் என்பர்.)

பின்வந்த பாத்தா நேக்ரா, கேத்தாமா முதலிய குழுக்கள் இவ்வழியில் நடந்தவை. புளூஸையும் புலேரியாவையும் ஒட்டி 'புளூஸ்லெரியா' என்று ஒரு சொல்லே பிறந்தது. 1988இல் கேத்தாமா மாலி நாட்டுக் கோரா இசைஞர் தூமனி தியாபாத்தேயோடு உருவாக்கிய 'சொங்காய்' தனிக் கட்டுரைக்கு உரியது. இவற்றுக்கு எதிர்முனையில், 1990இல் அமெரிக்காவில் ஒட்மர் லீபர்ட் வெளியிட்டுப் பெருவிற்பனை கண்ட 'நூவோ ஃபிளமெங்கோ' நிற்கிறது. அதில் கிதாரின் ஓசை உண்டு. பத்தாம் எண்ணில் தணியும் பதற்றம் இல்லை. அது கேட்க இனிய இசை. பெயர்தான் பிறருடையது.

இந்தியத் தோற்றம் என்னும் எளிய வழி

ஃபிளமெங்கோ பற்றித் தமிழில் எழுதுவோரும் மேடையில் அறிமுகம் செய்வோரும் தவறாமல் கூறும் ஒன்று உண்டு: ஹித்தானோ மக்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள், ஆகவே ஃபிளமெங்கோவும் நம்முடையதே; இந்திய இசையோடு அது கலப்பது பிரிந்த உறவு கூடுவது. இவ்வாதத்தின் முற்பகுதி மொழியியலால் உறுதிப்பட்டது. ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிற்பகுதி அதிலிருந்து பெறப்படுவதன்று. ஐபீரியத் தீபகற்பத்தில் இம்மக்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425ஆம் ஆண்டுக்குரியது. ஃபிளமெங்கோ என்று நாம் அறியும் கலை உருப்பெற்றது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில், அந்தலூசிய மண்ணில், அங்கிருந்த பல மக்களிடையே. இடைப்பட்ட காலத்தை 'மரபணு' என்ற உருவகத்தால் தாண்டிவிட முடியாது. அவ்வாறு தாண்டுவது அந்தலூசியாவில் துன்புற்றுப் பாடிய மக்களிடமிருந்து அவர்கள் ஆக்கத்தைப் பறிப்பதும் ஆகும்.

உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது குருதிவழி வந்ததன்று, பாடம் கேட்டு வந்தது. ஆங்கிலேயக் கிதார்க்கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அதே இராமநாதன்தான் அவர். பின்னர் 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் மெக்லாஃப்லின் வாசித்தார். அக்குழு கலைந்தபின், 1979 அளவில், பாக்கோ தெ லூசியாவுடன் கிதார் மூவரணியில் சேர்ந்தார். தாளச் சுழற்சியைப் பிரித்துப் பெருக்கும் பழக்கத்தைத் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் அருகிருந்து பெற்ற ஒருவரே, காம்பாஸில் வளர்ந்த ஒருவரின் எதிரே அமர்ந்தார். சிறிய தொடர்புதான், ஆயினும் ஆவணமுடையது.

வார்ஃபீல்டு அரங்கு, 1980 திசம்பர் 5

பாக்கோ தெ லூசியா, மெக்லாஃப்லின், அமெரிக்கரான அல் டி மியோலா ஆகிய மூவரும் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் வாசித்தது 1981இல் 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ' என இசைத்தட்டாயிற்று. கலப்பிசையின் உச்சமென உலகெங்கும் கொண்டாடப்படுவது இது. கிதார் கற்கும் மாணவர் எவரும் இதன் முதற்பகுதியைக் கேட்காமல் இருந்திரார்; யானும் அவ்வாறே இவ்விசைக்குள் நுழைந்தேன். அதனாலேயே இதனைக் கறாராக மதிப்பிடுவது கடினமாகிறது.

முதற்பகுதியில் பாக்கோவும் டி மியோலாவும் மட்டும் வாசிக்கின்றனர். டி மியோலாவின் 'மெடிடரேனியன் சன்டான்ஸ்', பாக்கோவின் 'ரியோ அன்ச்சோ' என்ற இரண்டும் அதில் இணைக்கப்பட்டுள்ளன. ஒருவர் தகட்டு மீட்டியால் வாசிக்கிறார். மற்றவர் வெறும் விரலால். ஒருவர் முன்னே ஓடும்போது மற்றவர் தாளம் பிடிக்கிறார், பின்னர் மாறிக்கொள்கின்றனர். இந்த மாறுதல் ஒழுங்கில் கேட்டல் இருக்கிறது; அதனை மறுக்கவியலாது. ஆனால் தெரிவுசெய்த வடிவம் எது? நான்கு எண்ணிக்கை கொண்ட ரும்பா. ஃபிளமெங்கோ வடிவங்களுள் அயலார்க்கு மிக எளிதாகத் திறக்கும் கதவு அது. 1973இல் வெளிவந்த பாக்கோவின் 'என்த்ரே தோஸ் அகுவாஸ்' அக்கதவின் வழியேதான் பெருந்திரளை அடைந்தது. பத்தாம் எண்ணில் தணியும் பன்னிரண்டு எண் சுழற்சிக்குள் மற்ற இருவரையும் அவர் அன்றிரவு அழைக்கவில்லை. சந்திப்பு முழுவதும் முற்றத்தில் நிகழ்ந்தது. வீட்டுக்குள் எவரும் செல்லவில்லை.

பாக்கோவும் மெக்லாஃப்லினும் இணைந்து வாசிக்கும் 'ஃப்ரெவோ ராஸ்காதோ' இதனினும் நுட்பமானது. பிரேசில் நாட்டு எக்பெர்தோ ஜிஸ்மோந்தி இயற்றியது; இருவருக்கும் சொந்தமற்ற மூன்றாம் நிலம். விட்டுக்கொடுக்க வேண்டியவர் ஒருவர் மட்டுமன்று, இருவரும். முதற்பகுதியைவிட இங்கு வேகத்துக்குக் காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது. மெட்டு அவ்வேகத்தைக் கேட்கிறது.

இசைத்தட்டில் பதிவான அவையோரின் குரல்களையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம். ஃபிளமெங்கோ அறிந்த கூட்டத்தில் 'ஓலே' எழும் இடம் காம்பாஸுக்குள் அமைந்தது. ஒரு சொற்றொடர் சுழன்று வந்து தன் இடத்தில் சரியாக அமரும்போது அது எழும். அமர்ந்ததை அவையும் எண்ணிக்கொண்டிருந்தது என்பதற்கு அக்குரல் அடையாளம். வார்ஃபீல்டில் கூச்சல் பெரும்பாலும் விரைவோட்டங்களின் நடுவே எழுகிறது. ஒருவர் நெடிய ஓட்டத்தை முடிப்பதற்குள்ளேயே அரங்கு அதிர்கிறது. மறுமொழியாக அடுத்தவர் இன்னும் விரைகிறார். இசைஞர்கள் அவைக்கு ஏற்ப நடந்தனரோ, அவை இசைஞர்க்கு ஏற்ப நடந்ததோ, பதிவைக் கொண்டு பிரித்தறிய முடியவில்லை.

ஏழாண்டுகள் கழித்து, 1987இல், பாக்கோ தெ லூசியா 'சிரோக்கோ'வை வெளியிட்டார். ஜாஸ் கலைஞர்களோடு கழித்த ஆண்டுகள் அதன் சுரக்கூட்டுகளில் கேட்கின்றன. பழைய ஆசான்கள் தொட்டிராத இசைவுகள் அல்சாபூவாவின் ஊடே வந்து போகின்றன. ஆனால் அவை மூன்றாம் எண்ணில் பதறிப் பத்தாம் எண்ணில் தணிகின்றன. தொகுப்பின் இறுதியில் ஒரு சொலேயா இருக்கிறது. இளமையில் தாம் பின்பற்றிய நீன்யோ ரிக்கார்தோவின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்.